உப்பு பார்த்துத் துப்பியவன்

காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு கோணிப்பை. அதற்குள் என்னுடைய இரண்டு கரண்டிகள், அண்டா கிளறுகிற ஒரு துடுப்பு, ஒரு கத்தி. கையில் என் சாப்பாட்டு டப்பா. நான் விட்டுவிட்டு வந்த மண்டபத்தில் நான் போட்ட பிரியாணியைக் கடைசிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிரியாணியில் ஒரு குறையும் இல்லை. வேலை மட்டும் போய்விட்டது.

பூந்தமல்லி பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. வயிறு சரியில்லாத நாளில் நான் பஸ் ஏறுவதில்லை. நடக்கிறவனுக்கு நடுவழியில் இறங்கவேண்டிய கஷ்டம் கிடையாது. அந்த ரோட்டில் எந்தப் பெட்ரோல் பங்கில் கேட்டால் சாவி கொடுப்பார்கள், எந்த மசூதியில் பின்பக்கக் கதவு திறந்திருக்கும், எந்தக் கோயில் வளாகத்தில் வாட்ச்மேன் ஒன்றும் கேட்கமாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அப்படித்தான். மற்றவர்கள் ஒரு ஊரை அங்கிருக்கிற கடைகளை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணச் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், தம் போட எவ்வளவு கரி என்பதையெல்லாம் உங்கள் மாஸ்டர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். சமைக்கிறவனுக்கும் ஒரு வயிறு இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆவடியில் டீக்கடை, நெமிலிச்சேரியில் டிபன் கடை, பெங்களூர் ஹைவேயில் பரோட்டாக் கடை, ஆந்திரா எல்லையில் ஒரு கல் குவாரி மெஸ். எங்கேயும் நிலையாக நின்றதில்லை. ஒரு அடுப்பின் சூடு பழகியதும் கால் வேறு பக்கம் இழுக்கும். ஹைவேயில் இருந்தபோதுதான் வயிறு தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. சாப்பிட்டு எழுந்ததும் அடிவயிற்றை முறுக்கும், பானை மாதிரி உப்பும், அப்புறம் ஓடவேண்டும். சில வாரம் ஓட்டம். சில வாரம் எதுவுமே போகாது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சீரகத் தண்ணீர், மாதுளை ஓடு, வசம்பு. பரோட்டாக் கடையில் என்னோடு மாவு பிசைந்தவன் சொன்னான்: "மாமே, ஒரு குவாட்டர்ல மெளகு தட்டிப் போட்டு அட்ச்சிக்கோ. உள்ள கீற பூச்சி மொத்தமும் ஊட்ட காலி பண்ணிகினு ஓடிடும்." அடித்துப் பார்த்தேன். நான்தான் ஓடினேன்.

பிறகு டெஸ்டுகள். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம் என்றார்கள். பணம் கட்டிவிட்டு ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வருவதைப் போல எரிச்சல் வேறில்லை. பூந்தமல்லியில் ஒரு டாக்டர் அம்மாதான் அந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் வரிசையாக மேஜையில் பரப்பிவிட்டுச் சொன்னார்.

"இதெல்லாம் சுத்தமா இருக்குன்னா சந்தோஷப்படுங்க. புண்ணு இல்ல, கட்டி இல்ல, கிருமி இல்ல. உங்க குடலுக்குக் கூச்சம் ஜாஸ்தி. மத்தவங்க குடல் கண்டுக்காம விடுற விஷயத்துக்கு உங்க குடல் சண்டைக்கு வருது. ஐ.பி.எஸ்.னு சொல்லுவோம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நிம்மதியா இருக்க விடாது."

"மருந்து இருக்கா மேடம்?"

"கொஞ்சம் இருக்கு. அதுக்கு முன்னாடி சாப்பாட்டைப் பாப்போம். கொஞ்ச வாரத்துக்கு வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, பால், தயிர், பருப்பு, கொண்டக்கடலை எல்லாத்தையும் நிறுத்தணும். காரம் கொறைக்கணும். வயிறு அடங்கினதும் ஒவ்வொண்ணா திரும்பச் சேத்து, எது உங்களுக்கு எதிரின்னு கண்டுபிடிக்கணும். என்ன வேலை பாக்கறீங்க?"

"சமையல் மேடம்."

"என்ன சமையல்?"

"பிரியாணி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அப்போது நான் சலீம் பாயிடம் சேர்ந்திருந்தேன். பூந்தமல்லியில் கல்யாண ஆர்டர் எடுக்கிறவர். சொன்ன வார்த்தை மாறமாட்டார், சொன்ன அளவுக் கறியும் மாறாது. என் வாழ்க்கையில் நான் அதிக நாள் இருந்த அடுப்பு அவருடையதுதான். காலையில் போனால் மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்கி வைத்திருப்பார்கள். அதை எண்ணெயில் கொட்டும்போது எழுகிற ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு துடுப்புப் போடுவேன். மதியம் எல்லாரும் பிரியாணி சாப்பிடும்போது என் டப்பாவைத் திறப்பேன். சாதம், மிளகும் உப்பும் போட்ட முட்டை, பீர்க்கங்காய் இல்லாவிட்டால் கேரட். மீன் கிடைத்த நாள் விருந்து. டீயென்றால் பால் இல்லாத கட்டன் டீ.

ஒரு விஷயத்தில் இந்தத் தொழில் எனக்கு உதவியது. பூண்டின் வம்பு தண்ணீரில் இறங்கும், எண்ணெயில் இறங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூண்டை எண்ணெயில் பொரித்து, துளிகூட மிச்சமில்லாமல் வடித்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் சாதத்தைக் கிளறுவேன். வாசம் இருக்கும், வம்பு இருக்காது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டால் வெங்காயம் சாப்பிட்ட மாதிரியே நாக்கை ஏமாற்றலாம். ஆறு வாரம் அப்படி ஓட்டியதில் வயிறு அடங்கியது. என்னாலேயே நம்ப முடியவில்லை. முதல் தடவையாக நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் கவலைப்படாமல் ஒரு பயணம் போய்வந்தேன். போன இடத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா போய்விட்டு வந்தேன்.

இங்கே ஒரு வார்த்தை. இது எனக்குச் சொன்ன சாப்பாடு. உங்களுக்கு வயிறு சரியில்லை என்றால் நான் சொன்னதைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்காராதீர்கள். ரத்தம் போனாலோ, உடம்பு இளைத்தாலோ அது வேறு கதை, உடனே டாக்டரிடம் போக வேண்டும். கண்டதையும் தின்று ஒட்டுவாரொட்டி பேதி வந்தால் அதுவும் வேறு. அது நிற்கும் வரை அடுப்புப் பக்கமே போகக் கூடாது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று என்றால், ஊருக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை.

அதனால்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். டிரைவருக்கு வயிறு சரியில்லை என்றால் பாவம் என்பார்கள். சமையல்காரனுக்கு வயிறு சரியில்லை என்றால் தட்டைத் தள்ளிவைப்பார்கள். பிரியாணி மாஸ்டருக்குக் குடலில் கோளாறு என்று ஒரு ஆள் ஒரு முறை சொன்னால் போதும், பூந்தமல்லியிலிருந்து போரூர் வரைக்கும் அந்தக் கையால் யாரும் சோறு வாங்கமாட்டார்கள்.

ஆனால் மாஸ்டர் உப்பு பார்த்தாக வேண்டும். அதை வேறொருவர் நாக்கில் விட முடியாது. நான் மசாலாவை உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்து, மேலண்ணத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு, வாயும் கையும் கழுவிக்கொண்டு வருவேன். உப்பு நாக்கில் தெரிகிற சமாச்சாரம். விழுங்கவேண்டிய அவசியமில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சலீம் பாயிடம் ஒரு வழக்கம். தம் உடைத்ததும் முதல் தட்டு மாஸ்டருக்கு. கல்யாண வீட்டுப் பெரியவர் முன்னால் மாஸ்டர் சாப்பிட்ட பிறகுதான் பந்திக்குப் பரிமாறுவார்கள். போட்டவனே சாப்பிடுகிறான், தைரியமாகச் சாப்பிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். பாயின் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. நான் தட்டை வாங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் எடுத்துப்போய் ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுவேன். கல்யாண அவசரத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஸ்டெல்லா ஆவடிக்காரி. வெங்காயம் நறுக்குகிற பெண்களுக்குத் தலைவி. வாய்க்குப் பயந்து பாயே அவளிடம் மெதுவாகத்தான் பேசுவார். அவளிடமும் நான் காரணம் சொல்லவில்லை. அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"அண்ணாத்தே, யாருனா செஞ்சிட்டாங்களா? மந்திரிச்சிகினு வரட்டா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன இன்னா, விரதமா? எந்த சாமிக்கு இந்த வெரதம்? பிரியாணி துன்னாத, ஆனா ஊருக்கே ஆக்கிப் போடுன்ற சாமி எது?"

"வாய மூடிகினு வெங்காயத்தப் பாரு."

"நீ கொடுக்கற தட்டால எனக்கு வெயிட் ஏறிகினே போவுது, சொல்லிட்டேன்."

காட்டுப்பாக்கம் கல்யாணம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துடையது. காலையில் கோயிலில் பூசை, மதியம் மண்டபத்தில் விருந்து. பெண்ணின் அப்பா பெயர் ஆரோக்கியம். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் பாயிடம் மூன்று நான்கு முறை வந்து, மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கிற கட்டத்தை நான் வெகுநாள் தள்ளிப்போட்டு, அந்த வாரம்தான் ஆரம்பித்திருந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. பூண்டையும் சப்பாத்தியையும் ஒன்றாகச் சோதித்தேன். வயிறு பிய்த்துக்கொண்டது. இரண்டில் எதனால் என்று தெரியாமல் போனதுதான் மிச்சம். கல்யாணத்தன்று காலையிலும் அது முழுதாக அடங்கவில்லை. பரிசோதனைகளை வேலையில்லாத வாரத்தில் செய்ய வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் சிகரெட் பிடிக்க இடம் தேடிப் பின்பக்கம் வந்திருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. முதல் பிரியாணித் தேக்சாவின் தம்மை உடைத்து, மூடியைத் தூக்கி, ஓரத்திலிருந்து இரண்டு பருக்கையும் ஒரு கறித்துண்டின் நுனியும் எடுத்து வாயில் வைத்தேன். உப்பு சரி. கறி வெந்திருந்தது. சுவர் ஓரமாகப் போய், முருங்கை மரத்தடியில் துப்பினேன்.

"யோவ்!"

திரும்பினேன். கையில் பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றார்.

"இன்னாத்துக்குத் துப்பின?"

"உப்பு பாத்தேங்க."

"உப்பு பாத்தா முழுங்கணும். நீ துப்பிட்டியே. கறி கெட்டுப்போச்சா? மறைக்கப் பாக்கறியா?"

"அதெல்லாம் நல்ல கறிங்க. காலைல வெட்டினது."

"அப்ப துன்னு. என் எதிர்ல துன்னு."

நான் ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. அவர் சிகரெட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் கூட்டம். முன்னால் தாய்மாமன், அவருக்குப் பின்னால் ஆரோக்கியம், பிறகு கோட்டு சூட்டில் யார் யாரோ. ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே முதல் பந்தி இலை போட்டு உட்கார்ந்திருந்தது.

"மாஸ்டரே வாயில வெச்சுத் துப்பறாரு! நாம துன்னணுமாம்!" என்றார் தாய்மாமன். "இன்னா ஆரோக்கியம், இதுதான் உங்க ஊட்டு விருந்தா?"

ஆரோக்கியத்தின் முகம் என்னவோ ஆகிவிட்டது. அவர் சலீம் பாயைப் பார்த்தார்.

பாய் பதறவில்லை. அதே தேக்சாவிலிருந்து ஒரு தட்டில் பிரியாணி வைத்து, அதன்மேல் ஒரு பெரிய துண்டு கறியை வைத்து என்னிடம் நீட்டினார்.

"துன்னுங்க மாஸ்டர். நாலு வாய். பிரச்னை முட்ஞ்சிடும்."

தட்டை வாங்கிக்கொண்டேன். நெய் வாசம் வந்தது. நான் போட்டதுதான். நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நெருக்கடியில் முடிவெடுப்பது என்று பெரிதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது வேறொன்றுமில்லை. இதைச் செய்தால் அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று இரண்டு படி தள்ளிப் பார்ப்பதுதான். முதல் படியோடு நிற்கிறவன் மாட்டிக்கொள்வான். நான் அந்தத் தட்டைச் சாப்பிட்டிருந்தால் எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள், முதல் பந்தி நடந்திருக்கும். ஆனால் அன்றைக்கு என் வயிறு இருந்த நிலையில், அந்த நெய்யும் காரமும் வெங்காயமும் உள்ளே போனால், இலை எடுப்பதற்குள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேரைத் தாண்டிக் கழிவறைக்கு ஓடவேண்டியிருக்கும். சாப்பிட்ட மாஸ்டர் ஓடுகிறான் என்று ஒரு குரல் எழுந்தால், சாப்பிட்ட அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும். ஆம்புலன்ஸ்கூட வரும். கெடாத கறி கெட்டுப்போனதாகவே ஆகிவிடும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

சாப்பிடாவிட்டால் பாயின் பெயர் போகும், ஆரோக்கியத்தின் மானம் போகும். உண்மையைச் சொன்னால் நான் மட்டும் போவேன்.

தட்டை மேடைமேல் வைத்தேன். தாய்மாமனிடம் பேசவில்லை. சத்தம் போடுகிறவனிடம் பதில் சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும். பந்திக்குப் பொறுப்பு யாருக்கோ, அந்த ஆரோக்கியத்திடம் பேசினேன்.

"அய்யா, எனக்குக் குடல்ல ஒரு கோளாறு. ரொம்ப வருஷமா கீது. வெங்காயம், பூண்டு, காரம் உள்ள போனா தாங்காது. அதனால வாயில வெச்சு உப்பு பாத்துட்டுத் துப்பிடுவேன். உங்க ஊட்டுல மட்டும் இல்ல, எல்லா ஊட்லயும் அப்படித்தான். சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல."

கூட்டம் சட்டென்று ஒரு அடி பின்னால் போனது. நான் பயந்தது அதுதான். தாய்மாமனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"கேட்டுக்குங்க! சீக்காளி! சீக்கு புட்ச்ச கையால ஆக்கிக்கீறான்!"

ஆரோக்கியம் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தொத்துமா?"

"தொத்தாதுங்க. கிருமி இல்ல, புண்ணு இல்ல. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. என் கொடலுக்குக் கோவம் ஜாஸ்தி. அவ்ளோதான்."

போன் வைத்திருந்த பையன் இன்னும் கிட்டே வந்தான். அப்போது பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லா வந்து, மேடைமேல் இருந்த தட்டை எடுத்து நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். வாய் நிறையச் சோற்றோடு என்னைத் திட்டினாள்.

"அடப்பாவி, இதுக்குத்தானா? நானு உனக்கு யாரோ செய்வினை வெச்சிட்டாங்கன்னு ஞாயித்துக்கெழமை கோயில்ல மெழுகுவத்தி கொளுத்திகினு வந்தேனே! எனக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?" பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இன்னா நிக்கறீங்க? இவுரு துன்னாத தட்ட எல்லாத்தையும் நான்தான் துன்னுகினு கீறேன். என்னைப் பாத்தா சீக்காளி மாறியா கீது?" என்றாள்.

பார்க்க அப்படியில்லை. யாரோ சிரித்தார்கள்.

"நீ அவங்க ஆளு. அப்படித்தான் சொல்லுவ," என்றார் தாய்மாமன்.

அப்போதுதான் ஆரோக்கியம் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"மச்சான், எங்க தம்பி ஆவடியில ஸ்வீட் கடை வெச்சிருக்கான். நேத்து உங்க ஊட்டுக்கு அனுப்பினேனே மைசூர்பா, அவன் கடையிதுதான். நல்லாருந்ததுன்னு சொன்னீங்க."

"ஆமா. அதுக்கு?"

"அவனுக்குப் பத்து வருஷமா சக்கரை. ஒரு துண்டு வாயில வெக்கமாட்டான். அவன் துன்னலன்னு மைசூர்பா கெட்டுப்போச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் ஆரோக்கியம் ஸ்டெல்லாவைப் பார்த்து, "எனக்கும் ஒரு தட்டு வெய்ம்மா," என்றார். பாயும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பின்வாசலிலேயே நின்று சாப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா பந்திக்கு முன்னால் சாப்பிடுவது முறையில்லை. அன்று அவர் சாப்பிட்டார். கடைசி வரை, எலும்பைக் கடித்துப் போட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பரிமாறச் சொன்னார்.

தாய்மாமன் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்ததாகவும் இரண்டு முறை கறி கேட்டு வாங்கியதாகவும் பரிமாறுகிறவர்கள் சொன்னார்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

பந்தி பாதி நடக்கும்போது பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மண்டபத்துக்குப் பக்கத்தில் சாமான் வண்டி நிற்கிற இடம். அவருக்குக் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாஸ்டர், உங்க கை மேல எனக்கு சந்தேகம் இல்ல. அல்லா மேல ஆணையா இல்ல."

"தெரியும் பாய்."

"ஆனா அந்தப் பையன் வீடியோ எடுத்துட்டான். 'மாஸ்டர் துப்பறாரு'ன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லா குரூப்புலயும் ஓடும். அதுல ஆரோக்கியம் சொன்னது இருக்காது. வர்ற வாரம் குமணன்சாவடியில கல்யாணம், அதுக்கடுத்தது திருவேற்காடு. ஒவ்வொரு ஊட்லயும் நின்னுகினு ஒங்க கொடலப் பத்தி சொல்லிகினு இருக்க முடியுமா?"

"முடியாது பாய்."

அவர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர்ந்த அன்னிக்கே ஏன் சொல்லல? சொல்லிருந்தா முதல் தட்ட நானே துன்னிருப்பேன். இனிமே பாய்தான் முதல் தட்டு துன்னுவாருன்னு வழக்கத்த மாத்திருப்பேன். எங்க அத்தா வெச்ச வழக்கம்தானே, மாத்தினா இன்னா? நீங்க சொல்லல. அவன் கண்டுபுட்ச்சான். ரெண்டும் ஒண்ணு இல்ல மாஸ்டர்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாமாகச் சொன்னால் அது ஒரு செய்தி, கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். மற்றவன் கண்டுபிடித்தால் அது ரகசியம். ரகசியத்தை யாரும் மறப்பதில்லை. இவ்வளவு காலமும் சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாததால் போயிற்று.

கரண்டிகளைக் கழுவிக் கோணிப்பையில் போட்டேன். ஸ்டெல்லா இரண்டாவது தேக்சாவைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எனக்குப் பழக்கம்தான். எத்தனையோ அடுப்பிலிருந்து அப்படிக் கிளம்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் நானாகப் போனேன்.

குமணன்சாவடி தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கட்டன் டீ சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தேன். சாதம் ஆறிப்போயிருந்தது. முட்டையைப் பிட்டுச் சாப்பிட்டேன். பக்கத்தில் இரண்டு பேர் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அது என்னவாகவும் இருந்திருக்கலாம்.

சென்னீர்குப்பத்தில் என் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. மூட்டை கட்டலாம் என்று பையை இறக்கினேன். திருவள்ளூர் பக்கம் போகலாம், அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சொல்லாம கொள்ளாம போய்க்கினே கீறியா? எங்க, ஆந்திராவுக்கா?" ஸ்டெல்லா.

"திருவள்ளூரு."

"அங்க வெங்காயம் போடாம ஆக்கறாங்களாமா?"

கையிலிருந்த சட்டையை மடித்துப் பையில் வைத்தேன்.

"எங்க நாத்தனா ரோஸி அம்பத்தூர் எஸ்டேட்டாண்ட மெஸ் வெச்சிகினு கீறா. மாஸ்டர் ஓடிப்பூட்டான். காலைல ஆள் வேணும். போறியா?"

"வீடியோ பாத்திருப்பாங்களே."

"பாத்துட்டா. அதப் பாத்துட்டுத்தான் எனக்குப் போன் பண்ணா. ஆளு தேறுவானான்னு கேட்டா. நல்லா ஆக்குவான், வாய்தான் தெறக்கமாட்டான்னு சொன்னேன். வாயத் தெற அண்ணாத்தே. அவ்ளோதான் சொல்லுவேன்." வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன். பயணத்துக்கு முன்னால் நான் எதுவும் சாப்பிடுவதில்லை. எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் போய்க்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை போட்ட மெஸ். எட்டு மேஜை. வாசலில் ரோஸி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்த, கண்ணாடி போட்ட பெண்.

"ஸ்டெல்லா அனுப்பின ஆளா? உள்ள வா. டீ குடி மொதல்ல."

பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றேன்.

"வேலைக்கு முன்ன ஒண்ணு சொல்லிடறேன்க்கா. நான் பால் டீ குடிக்கமாட்டேன். எனக்கு ஐ.பி.எஸ்.ன்னு குடல் கோளாறு. தொத்தாது. வெங்காயம் பூண்டு சேராது. இங்க ஆக்கறதுல பாதி நான் துன்னமாட்டேன். என் டப்பாவ நானே கொண்டாந்துடுவேன். சில நாள் நடுவுல ரெண்டு தடவ எழுந்து போவேன், கை கழுவிகினு வருவேன். பேதி கீதி வந்தா அன்னிக்கு லீவு சொல்லிடுவேன். ஒத்துவந்தா பாக்கறேன், இல்லன்னா போயிட்றேன்."

வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. அவள் கொத்தமல்லியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"சாம்பாருக்கு உப்பு யாரு பாக்கறது?"

"நான்தான். வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவேன்."

"எங்க துப்புவ?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சுவரோரம், மரத்தடி, வண்டிக்குப் பின்னால் என்று இடம் தேடியே பழகியவன்.

ரோஸி எழுந்து உள்ளே போனாள். மூடி போட்ட காலி நெய் டப்பா ஒன்றைக் கழுவி எடுத்து வந்தாள். அடுப்பிலிருந்து தள்ளி, சாப்பிட வருகிறவர்கள் கை கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில், எல்லா மேஜையிலிருந்தும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"இதுல துப்பு. மூடி வெச்சிடு. யார்னா கேட்டா நீ வாயத் தெறக்க வாணாம், நான் சொல்லிக்கிறேன்."

பையை இறக்கினேன். கரண்டியை எடுத்துக் கழுவினேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த நான்கு பேர் இட்லிக்காகக் காத்திருந்தார்கள், அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, நாக்கில் வைத்து, சுற்றிவிட்டு, குழாயடிக்கு நடந்துபோய் டப்பாவைத் திறந்து துப்பினேன். வாய் கொப்பளித்தேன். கை கழுவினேன்.

"உப்பு பத்தலக்கா," என்றேன்.

"அப்ப போடு," என்றாள் ரோஸி.